கை எட்டும் அகலம்

தையல்காரர் யாருக்கும் துணியைக் கச்சிதமாக வெட்டியதில்லை. சட்டை உடம்பில் சரியாகத்தான் உட்காரும். ஆனால் உள்ளே, பக்கத் தையலுக்கு அப்பால், இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை மடித்து விட்டிருப்பார். பின்னால் சதை போட்டால் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பல் போன கிழவருக்குத் தைத்தாலும் அப்படியேதான். "டைலரண்ணன் தைக்கிற சட்டைக்குள்ள இன்னொரு சட்டைக்குத் துணி இருக்கும்" என்று அடுத்த வீட்டு ஒயர்மேன் கேலி செய்வார். "உடம்பு நாளைக்கு எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்" என்பது தையல்காரரின் பதில். நாளைக்கு என்றால் உடம்பு கூடும் என்பது மட்டுமே அவர் கணக்கு. குறையவும் செய்யும் என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

தையல் கடையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்து, பட்டன் தைத்து, ஓரம் மடித்துக் கொடுத்தவர் அவர் மனைவி. தெருவில் எல்லோருக்கும் அவர் காஜாக்கா. இரண்டு காஜாக்களுக்கு இடையே உள்ள தூரத்தை அவர் டேப் வைத்துப் பார்த்ததில்லை. கட்டைவிரலை ஒருமுறை வைத்து எடுப்பார், அவ்வளவுதான். ஒரு முற்பகலில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது கை தானாக மடியில் விழுந்தது. ஊசியை எடுக்கப் போனார், எடுக்க முடியவில்லை. வலது கையும் வலது காலும் அன்றோடு நின்றன. பேச்சு சில வாரங்களில் திரும்பியது. வாயின் ஒரு ஓரம் கோணியிருந்தாலும் பேச்சின் கூர்மை குறையவில்லை.

கடையை மூடி, மெஷினையும் வெட்டும் மேசையையும் வீட்டின் முன்னறைக்குக் கொண்டுவந்தார் தையல்காரர். காஜாக்காவின் கட்டில் பின்னறையில். அங்கிருந்த ஜன்னலில் தெரிந்தது கொல்லைப்புறம் மட்டும்தான். அதில் என்றோ கூரை விழுந்த ஒரு சாமான் அறையின் செங்கல் குவியல், அதன்மேல் ஏறிய முள்செடி, துருப்பிடித்த ஒரு தகரம். நாள் முழுக்க அதையே பார்த்துக் கிடந்தவர் ஒருநாள் சொன்னார்:

"அந்தக் குப்பைய அள்ளிப் போட்டுட்டு ரெண்டு பாத்தி போடுங்க. நான் எதையாவது விதைக்கிறேன்."

"நீயா?"

"இடது கை இருக்குல்ல. ஊசி பிடிக்கத்தான் வராது. மண்ணுல விரல வச்சு அமுக்குறதுக்கு என்ன படிப்பு வேணும்?"

படுக்கையில் விழுந்த பிறகு காஜாக்கா ஏதாவது கேட்டது அதுதான் முதல் தடவை. தண்ணீர், மாத்திரை, போர்வை எல்லாம் கேட்காமலே வந்துகொண்டிருந்தன. தையல்காரர் மறுநாளே ஒயர்மேனைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார். செங்கல்லைப் பொறுக்கிச் சுவரோரம் அடுக்கினார்கள். முள்ளை வேரோடு பிடுங்கினார்கள். பூமிக்குள் ஒளிந்திருந்த கண்ணாடித் துண்டுகளைச் சல்லடை வைத்துச் சலித்தெடுத்தார்கள். கடைசியில் ஒரு சின்ன வகுப்பறை அளவுக்கு வெறும் மண் கிடைத்தது.

பாத்தி பிரிக்கிற நாளில் பின்வாசல் படிமேல் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டு, சக்கர நாற்காலியை வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். காஜாக்கா பார்த்துக்கொண்டிருக்க, குச்சிகளை நட்டு நூல் கட்டினார். தையல் நூல் இரண்டு குச்சிக்கே அறுந்தது. அடுத்ததாகப் பாவாடை எலாஸ்டிக்கைக் கட்டினார். அது இழுத்த பக்கமெல்லாம் நீண்டு, குச்சியையும் சாய்த்துக்கொண்டு வந்தது.

"பாத்திக்கு இடுப்பு வச்சுத் தைக்கிறீங்களா?" என்றார் காஜாக்கா.

ஒயர்மேன் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய் ஒரு பழைய ஒயரை எடுத்து வந்து கொடுத்தார்.

"எப்படிப் போடப் போறீங்க?" என்று கேட்டார் காஜாக்கா.

"குறுக்கால நாலு பாத்தி. ஒவ்வொண்ணும் நாலடி அகலம். இந்தப் பக்கம் நின்னா பாதி எட்டும், அந்தப் பக்கம் போனா மீதி. நடுவுல கால் வைக்க ஒரு அடி விட்டாப் போதும். ஒரு பிட்டு மண்ணுகூட வீணாகாது."

"நாற்காலி எந்த வழியா வரும்?"

தையல்காரர் குனிந்து குச்சியைத் தட்டினார். "இது காய்க்கிறதுக்குள்ள நீ நடந்துடுவ. கை காலுக்குப் பயிற்சி குடுக்க வர்ற பொண்ணு சொல்லிச்சே."

"அது எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லும். அதைச் சொல்றதும் அதோட வேலைதான்."

"நீ கொஞ்சம் சும்மா இரு. நீ எந்திரிச்சதுக்கப்புறம் ரெண்டாவது தடவை இடிச்சுக் கட்டச் சொல்றியா?"

தையல்காரர் மண்ணைக் கொத்தி, எரு கலந்து, நான்கு பாத்திகளையும் மடிப்புக் கலையாத துணிபோலச் சமன்படுத்தினார். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தன.

விதைக்கிற அன்று நாற்காலியைப் பலகை வழியாக இறக்கினார். முதல் பாத்தியின் விளிம்பிலேயே சக்கரம் நின்றுவிட்டது. ஒற்றையடிப் பாதைக்குள் அது நுழைய வழியே இல்லை. மனைவியை இரு கையாலும் தூக்கி, கவிழ்த்து வைத்த ஒரு வாளிமேல் உட்காரவைத்து, விழாமல் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்படி உட்கார்ந்தபடி காஜாக்கா இடது கையை நீட்டினார். பாத்தியின் மூலையில் ஒரு சாண் இடம் எட்டியது. அதில் சில வெண்டை விதைகளை ஊன்றினார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார். மீதி முழுவதையும் தையல்காரர் விதைத்தார். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் திரும்பி, "சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"போதும். என்னை உள்ள கொண்டு போங்க."

அதற்குப் பிறகு அவர் வெளியே போக வேண்டும் என்று கேட்கவில்லை. முளைத்த செய்தி, இரண்டு இலை விட்ட செய்தி எல்லாவற்றையும் தையல்காரர் கட்டிலருகே வந்து சொன்னார். எல்லாவற்றுக்கும் ஒரே "ம்" தான் கிடைத்தது. ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தவர், தலையணையை மாற்றிப் போடச் சொல்லி, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

நம்பிக்கை நல்ல குணம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நிச்சயம் இல்லை. எதிரே இருப்பவரைப் பார்க்காமலிருக்கவும் அது உதவும். தையல்காரர் நான்கு பாத்திகளையும் வெட்டியது முழு மனதோடுதான். ஆனால் அவற்றில் குனிந்து வேலை செய்யப் போகிறவளாக அவர் மனதில் இருந்தவள், பின்னறைக் கட்டிலில் படுத்திருந்தவள் அல்ல.

வாரம் ஒருமுறை வரும் மகள்தான் அதை வாய்விட்டுக் கேட்டாள். பேருந்து நிலையத்தில் சீட்டு கொடுக்கும் வேலை அவளுக்கு, வளவளவென்று பேசமாட்டாள். கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள்.

"அப்பா, இது யாருக்குப் போட்ட தோட்டம்?"

"இதென்ன கேள்வி. உங்கம்மாவுக்குத்தான்."

"எந்த அம்மாவுக்கு?"

தையல்காரர் கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவினார்.

அன்று சாயங்காலம் மகள் கிளம்பிப் போன பிறகு, காஜாக்கா தன்னை முன்னறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். வெட்டும் மேசைக்குப் பக்கவாட்டில் நாற்காலியை நிறுத்தச் சொன்னார். இடது தோள் மேசை ஓரத்தை ஒட்டியிருந்தது.

"இத்தனை வருஷத்துல எத்தனை பேருக்கு அளவெடுத்திருப்பீங்க?"

"என்ன, திடீர்னு?"

"எனக்கு ஒரு தடவையாவது எடுத்திருக்கீங்களா?"

எடுத்ததில்லை. கல்யாணமான புதிதில் அவர் டேப்பைக் கழுத்தில் போட்டபடி, "உனக்கு எதுக்கு டேப்பு? கண்ணுலயே இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். அப்போது காஜாக்காவுக்கு அது பிடித்தும் இருந்தது. அதன் பிறகு அவருக்குத் தைத்த எல்லாமே அந்தக் கண்ணளவில் தைத்தவைதான்.

"கண்ணுல இருக்கிறது பழைய அளவு. இப்ப எடுங்க."

"எதை எடுக்கிறது?"

"கை எட்டுற தூரத்தை. தொட்டாப் போதாது. விதைய அமுக்குற அளவுக்கு விரல்ல பலம் இருக்கணும். அது எது வரைக்கும்னு பாருங்க."

காஜாக்கா கையை மேசைமேல் நீட்டினார். நுனிவிரல் எட்டிய இடத்தில் அழுத்திப் பார்த்தார், விரல் வழுக்கியது. கொஞ்சம் பின்னுக்கு இழுத்து அழுத்தினார். இன்னும் கொஞ்சம் பின்னுக்கு. அங்கே விரல் நகம் வெளுக்கிற அளவுக்கு ஊன்றியது. "இங்க" என்றார். தையல்காரர் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். மேசை விளிம்பிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் டேப்பை வைத்துப் பார்த்தவர் மறுபடியும் ஒருமுறை வைத்துப் பார்த்தார். பள்ளிக்கூடப் பையனின் அரைக்கை சட்டைக்கு எடுக்கிற துணி அளவுகூட இல்லை.

பிறகு தையல்காரரின் கை, பழக்கத்தில், அந்தக் கோட்டுக்கு அப்பால் இரண்டு விரலை வைத்து இன்னொரு கோடு போட்டது.

"அது என்ன?"

"சும்மா… கொஞ்சம் விட்டு வச்சேன். பயிற்சி பண்ணப் பண்ணக் கை நீளும்ல."

"அந்த ரெண்டு விரல அழிங்க."

"இருந்துட்டுப் போகட்டுமே. இருக்கிறதால உனக்கு என்ன…"

"அந்த ரெண்டு விரலுக்குள்ள முளைக்கிறத நான் தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கணும். தொட முடியாது. எனக்கு அது வேணாம். இருக்கிற கைக்குப் போடுங்க."

தையல்காரர் உள்ளங்கையால் இரண்டாவது கோட்டைத் துடைத்தார். முழுக்கப் போகவில்லை, எச்சில் தொட்டுத் துடைத்தார். ஒரு உடம்பை அளப்பதென்றால் அது எங்கே முடிகிறது என்று ஒப்புக்கொள்வதுதான். காலமெல்லாம் அளவெடுத்தவருக்கு அந்த வேலை அன்றைக்குத்தான் கடினமாக இருந்தது.

மறுநாள் நான்கு பாத்திகளையும் கலைத்தார். முளைத்து நின்றவற்றைப் பிடுங்கிச் சுவரோரம் போட்டார். புதுத் திட்டத்தைச் சொன்னது காஜாக்கா. நடுவில் நேராக நாற்காலிக்கு வழி. இரண்டு பக்கமும் ஒல்லியாக இரண்டே பாத்திகள், ஒவ்வொன்றும் மேசையில் போட்ட கோட்டின் அகலம். சுவரோரம் அடுக்கியிருந்த செங்கல்லை வைத்து, குனியாமல் எட்டும் உயரத்துக்கு மண்ணை ஏற்ற வேண்டும்.

"வலது பக்கத்துப் பாத்திக்கு எப்படி எட்டும்?" என்றார் தையல்காரர். "அந்தக் கைதான்…"

"வலது கை லீவுல இருக்கு, தெரியும். போறப்ப இடது பக்கம் இருக்கிறதுல வேலை பாப்பேன். கடைசில நாற்காலிய திருப்புங்க. வர்றப்ப மத்தது இடது பக்கமா ஆயிடும்ல."

அதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் நாற்காலியைத் திருப்ப வட்டமாக இடம் வேண்டும். அந்த வட்டம் கடைசிச் சுவரருகே, அதிக நேரம் வெயில் விழும் நல்ல மண்ணில்தான் அமைந்தது. வழிக்கும் வட்டத்துக்கும் போனது போக, பாத்திக்கு மிஞ்சியது பாதிக்கும் குறைவு.

ஒயர்மேன் சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தார். "அண்ணே, தோட்டத்துக்குள்ள ரோடு போட்டீங்களா, ரோட்டோரத்துல தோட்டம் போட்டீங்களா?"

"ரோடுதாங்க" என்றார் காஜாக்கா. "கடைசில பஸ் திரும்புறதுக்கு இடம்கூட விட்டிருக்கு. நீங்க விளக்குக் கம்பம் நட்டீங்கன்னா முடிஞ்சது."

அது நல்ல தோட்டம் என்று சொல்ல முடியாது. கீரை ஒரு பக்கம் அடர்ந்து மறுபக்கம் சொட்டையாக வந்தது. தக்காளிக்குக் கட்டிய முடிச்சுகள் ஒற்றைக் கையாலும் பல்லாலும் போட்டவை, காற்றடித்தால் அவிழ்ந்துகொண்டன. கட்டைவிரலை வைத்தே காஜா தூரம் அளந்தவரின் செடிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கோணலாக நின்றன. "நான் முதமுதல்ல எடுத்த காஜாகூட இவ்வளவு கேவலமா இல்ல" என்றார். தையல்காரர் எடுத்துச் சரியாக நட்டுத் தருவதாகச் சொன்னபோது காஜாக்கா அவர் கையைத் தட்டிவிட்டார். தலையணை மறுபடியும் ஜன்னல் பக்கம் வந்தது. தினமும் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால், நாற்காலி அந்த வழியில் மெதுவாகப் போய், வட்டத்தில் திரும்பி, மெதுவாக வரும். பிடுங்கிய களையை மடியில் போட்டுக்கொண்டு வருவார். சேலையெல்லாம் மண்ணாக இருக்கும்.

கத்தரி பூத்த சமயத்தில் தையல்காரர் ஒன்றைக் கவனித்தார். மனைவி பறிப்பதெல்லாம் கைக்கு அருகே உள்ள விளிம்பு வரிசையில் மட்டுமாக இருந்தது. உள் வரிசைக் கீரை முற்றிப் பூவெடுக்கத் தொடங்கியிருந்தது. அடுத்த நாள் அவர் நாற்காலியைச் செங்கல்லில் உரசுகிற அளவுக்கு ஒட்டி நிறுத்தினார். அதற்கடுத்த நாள் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்து முன்னால் தள்ளி உட்காரவைத்தார். காஜாக்கா திரும்பி அவரைப் பார்த்தார்.

"தெரியுது" என்றார். "நீங்க ஒண்ணும் ஒளிச்சு வைக்க வேணாம்."

மழைக்காலம் தொடங்கும்போது பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது. இந்த முறை கழுத்து நிற்கவில்லை. இனி நாற்காலியில் உட்காரவைக்க முடியாது என்று மருத்துவர் வாசலில் நின்று சொன்னார். மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து தங்கினாள். காஜாக்காவின் பேச்சு சில சொற்களாகச் சுருங்கியது. அந்தச் சொற்களையும் மகள்தான் வாயருகே காதை வைத்துக் கேட்டு, உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

தையல்காரர் பாத்திகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். நடு வழியையும் பெருக்கினார். அதில் ஒரு இலை கிடக்க விடவில்லை. நாற்காலியின் சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டுப் பின்வாசலில் நிறுத்தியிருந்தார். ஒருநாள் காஜாக்கா அவரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். மகள் கேட்டுச் சொன்னாள்:

"அந்த வழிய வெட்டிப் பாத்தியாக்கச் சொல்றாங்க."

"எதுக்கு? இருக்கட்டும். நாற்காலி வரணும்ல."

காஜாக்கா உதட்டை அசைத்தார். மகள் அம்மாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு சொன்னாள்: "வராதுன்னு சொல்றாங்க."

தையல்காரர் முன்னறைக்குப் போய் மெஷினில் உட்கார்ந்துகொண்டார். தைக்கத் துணி எதுவும் இல்லை.

மறுநாளும் காஜாக்கா அதையே சொன்னார். அதற்கடுத்த நாளும் சொன்னார். சாப்பாடு ஊட்டும்போது வாயை மூடிக்கொண்டு, கண்ணால் ஜன்னலைக் காட்டினார். மகள் குனிந்து, "எதுக்கும்மா இவ்வளவு பிடிவாதம்? அது பாட்டுக்கு இருக்கட்டுமே" என்றாள். பதில் வர வெகுநேரமானது. சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, மூச்சு வாங்கி வாங்கி வந்தது. மகள் வெளியே வந்து அப்பாவிடம் சொன்னாள்.

"தான் போனப்புறம் நீங்க அந்த வெறும் வழியப் பாத்துக்கிட்டே வாசல்ல உக்காந்திருப்பீங்களாம். தனக்குத் தெரியுமாம். தான் இருக்கிறப்பவே நீங்க வெட்டிடணுமாம், அப்பா. உங்க கை எட்டுற அகலத்துக்குப் போட்டுக்கணுமாம்."

தையல்காரர் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. எழுந்து மண்வெட்டியைத் தேடினார். அது எதிரேதான் சாய்ந்திருந்தது. ஆனாலும் தேடினார்.

ஒரு பருவம் முழுக்க ஒரே தடத்தில் சக்கரம் ஓடிய மண். மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் இறுகிப்போயிருந்தது. இரண்டு சக்கரத் தடங்களும் சிமெண்டுபோல மினுமினுத்தன. அவர் வட்டத்திலிருந்து தொடங்கினார். மண்வெட்டியை ஓங்கினார், ஆனால் இறங்கும்போது கை தளர்ந்தது. மேல்மண் மட்டும் செதில் செதிலாகப் பெயர்ந்தது. கொஞ்சம் தள்ளி வெட்டினார். அங்கேயும் அப்படியே. தடம் அதன் இடத்தில் அப்படியே கிடந்தது. அவரும் அதை விட்டு விலகி விலகியே வெட்டினார்.

ஜன்னலில் மகளின் முகம் தெரிந்தது.

"அப்பா. அம்மா கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. நீங்க சொரண்டுறீங்களாம்."

அவர் நின்றார். நெற்றியைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"வெட்டச் சொல்றாங்க."

அவர் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். சக்கரத் தடத்தின் நடுவில் நிறுத்தி, இரண்டு கையாலும் தூக்கி இறக்கினார். இந்த முறை சத்தம் வேறு மாதிரி இருந்தது. பெரிய கட்டியாக மண் பிளந்து புரண்டது. அடியில் ஈரமாகக் கறுத்திருந்தது. மறுபடியும் இறக்கினார். ஜன்னலுக்குள்ளிருந்து "ம்" என்று ஒரு ஓசை வந்தது. அடுத்த வெட்டுக்கும் வந்தது. கொஞ்ச நேரம் ஒவ்வொரு வெட்டுக்கும் அது வந்துகொண்டிருந்தது. பிறகு இடைவெளி விட்டு வந்தது. பிறகு வரவில்லை.

மகள் மெதுவாகக் கூப்பிட்டாள். "தூங்கிட்டாங்கப்பா. போதும். மீதிய நாளைக்குப் பாத்துக்கலாம்."

"கொஞ்சம்தான் இருக்கு" என்றார் தையல்காரர்.

பின்வாசல் வரைக்கும், அதே பலத்தோடு, ஒரு அடிகூட விடாமல் வெட்டினார்.